பெருவிரல்

மலேசியாவில், பகாவ் பக்கத்துத் தோட்ட வீட்டின் சன்னலோரம் காலை வெயில் விழுகிறது. செம்பனைக் குலை வெட்டும் அர்ச்சுனன் நாற்காலியை இறுகப் பிடித்துக் கண்களை மூடியிருக்கிறார். இனிப்புநீர் எனும் சர்க்கரை நோயால் காலில் வந்த புண் ஆறாவிட்டால் கால் பெருவிரலை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். முன்பெல்லாம் காய்ந்த துணிக்கட்டைப் பிரித்தால் சதையும் சேர்ந்து வரும். இப்போது தாதி மாதவி, அகார் அகார் இனிப்பைப் போலக் குளிர்ந்து தளதளக்கும் ஹைட்ரோஜெல் மருந்துப் பட்டையை ஓரத்திலிருந்து மெல்ல உயர்த்துகிறாள். “சட்டுனு எடுத்துரும்மா.” “எடுத்தாச்சு லா, அங்கிள். கண்ணத் தொறங்க.” கறுத்திருந்த குழியில் இளஞ்சிவப்பாகப் புதுச்சதை ஏறியிருக்கிறது. மாதவி அளவுநாடாவை வைத்துப் பார்க்கிறாள். “மூணே வாரத்துல பாதியா சுருங்கிருச்சு. வெரலு பொழச்சிருச்சு.” அர்ச்சுனன் பெருவிரலை அசைத்துப் பார்க்கிறார். பிறகு அடுப்படியில் நிற்கும் மனைவியிடம் உரக்கச் சொல்கிறார்: “தனலெட்சுமி, என் வேலை பூட்ஸ யாருக்கும் குடுத்துறாத!”