பதினேழாவது கோப்பை

“வாயைத் தொறடா. ஒரே ஒரு சொட்டு.”

“வேணாம் பைதேவ். கிராம்பு பட்டா நாக்கு செத்துரும்.”

“இப்ப மட்டும் ரொம்ப உசுரோட இருக்காக்கும்! மூஞ்சியப் பாரு, ஒரு பக்கம் பாக்கு அடக்கின கிழவனாட்டம். பல்லு மொளைக்கிற பிள்ளைக்கு உத்தியோகம் கேக்குது.”

மாலபிகா தேயிலைத் தொழிற்சாலையின் எடைமேடையைப் பார்த்துக்கொள்பவள். அங்கே எல்லோருக்கும் அவள் பைதேவ், அக்கா.

திகந்தா அவள் கையைத் தள்ளினான். சீசா கவிழ்ந்தது. தைலம் முழுவதும் அவனுடைய சட்டைக்கையில்.

“போச்சு,” என்றாள் அவள். “பர்தாக்கூர் சார் மோந்தாருன்னா அவ்வளவுதான்.”

குழாயடியில் கசக்கினான். நனைந்ததும் வாசனை இன்னும் ஏறியது. அதற்குள் மணி அடித்துவிட்டது.

தலையில் வாசனை எண்ணெய் தடவி வந்த மேலாளரையே ருசி அறை வாசலில் திருப்பி அனுப்பியவர், தேநீரை ருசித்துத் தரம் சொல்லும் பர்தாக்கூர் சார்.

அவரிடம் வேலை பழகும் திகந்தா மூன்று மாதமாக வெங்காயம் தொடவில்லை. போன வீடுகளிலெல்லாம் நீட்டிய வெற்றிலைத் தட்டை மறுத்து, திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்கியிருந்தான். எல்லாம் இன்றைய முப்பது கோப்பைகளுக்காக. ஒவ்வொன்றின் ருசியையும் சரியாகச் சொன்னால் வேலை நிரந்தரம். தவறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஞானப்பல்லுக்கு இந்த வாரம்தான் கிடைத்தது. கடைவாயில் ஈறு வீங்கி, பல்லின் மேல் மூடியாகக் கிடந்தது. வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. உப்பு நீர்கூட ருசியைக் கெடுக்கும் என்று, வெறும் வெந்நீரைக் கொப்பளித்தே ஐந்து நாளை ஓட்டியிருந்தான்.

வடக்குச் சன்னலோரம் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. வெளியே லாரி நின்றது. சார் எந்தக் கோப்பையைக் கழிக்கிறாரோ, அந்தத் தேயிலைப் பெட்டிகள் அதில் ஏறாது.

இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். அறை முழுக்கக் கிராம்பு மணத்தது.

சார் நிமிர்ந்து பார்த்தார்.

“ஆரம்பிக்கலாம். முதல்ல நீங்க சொல்லுங்க.”

மூன்று மாதமாகவே அப்படித்தான். அவன் சொல்வான், அவர் உறிஞ்சித் துப்புவார், எழுதுவார்.

தேநீரைக் காற்றோடு சர்ரென்று இழுக்க வேண்டும். அது நேராக அந்த ஈற்றில் போய் அறைந்தது. கண்ணில் நீர் முட்ட, துப்பினான்.

“திடம் இருக்கு சார். கொஞ்சம் காரல்.”

அவர் எழுதினார்.

ஒவ்வொரு கோப்பைக்கும், இதோ இப்போது வாசனையைப் பற்றிக் கேட்டுவிடுவார் என்று காத்திருந்தான். கேட்கவில்லை. பதினாறு வரை.

பதினேழில் ஏதோ அழுகியிருந்தது.

வாயைக் கொப்பளித்துவிட்டு, நல்லது என்று சொல்லி முடித்த பதினாறை மறுபடி உறிஞ்சினான். அதிலும் அதே அழுகல். தொட்டியில் துப்பியது சிவந்திருந்தது.

கெட்டிருப்பது தேயிலையா, தன் வாயா?

இனி அவனால் எதையும் சொல்ல முடியாது. பொய் சொல்லலாம். எத்தனையோ பேர் உழைத்த பெட்டிகள் அதை நம்பி லாரியில் ஏறும், அல்லது ஏறாது.

“சார், என் வாய் இன்னிக்குச் சரியில்ல. ஞானப்பல். ரத்தம் வருது. சட்டையில வேற கிராம்புத் தைலம் கொட்டிருச்சு. காலையிலேயே சொல்லியிருக்கணும். மன்னிச்சுருங்க.”

பேனா நின்றது.

“கிராம்பா?”

மறைத்திருந்த கையை முன்னால் நீட்டினான்; நனைந்த சட்டைக்கை அவர் முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது.

அவர் குனிந்தார். மூச்சை இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை, நீளமாக இழுத்தார். வாசனை எட்டியதாக முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

பிறகு, வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்த ஆளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

திகந்தா மேசையிலிருந்த தாளைப் பார்த்தான். பதினாறு வரிகள். அவன் சொன்ன சொற்கள், ஒன்றுகூட மாறாமல். பதினேழுக்கு நேரே காலியாக இருந்தது.

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

“தம்பி,” என்றார் சார். இதுவரை அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. கரண்டியை எடுத்து அவன் பக்கம் நீட்டினார். “இன்னும் ஒரே ஒரு தடவை குடிச்சுப் பாரேன். எப்படி இருக்குன்னு சொல்லேன்.”