மூன்றாவது கேள்வி

“கண்ணைப் பாத்துப் பேசுங்க சேச்சி. தரையைப் பாத்தா ஏதோ தப்பு பண்ணிட்டு வந்த மாதிரி தோணும், கேட்டோ?”

ஷெமி சொன்னதும் பிரேமா தலையை நிமிர்த்தினாள். ஒரு நொடிதான். மறுபடி பார்வை கால்விரலுக்குப் போய்விட்டது.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், இரும்புச் சாமான் கடையின் மாடியில் ஷெமி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திவந்தாள். படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் காலேஜ் முடித்து வேலை தேடுகிறவர்கள். பிரேமாவுக்கு மட்டும் நாற்பத்து மூன்று வயது. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். அதே தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் காய்கறி நறுக்கும் வேலை. மதியக் கூட்டம் ஓய்ந்ததும், கையில் வெங்காய வாடையோடு மாடியேறி வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள்.

“மூணு மாசம் கழிச்சு வர்ற இருபத்தெட்டாம் தேதிக்குள்ள இங்கிலீஷ் பேச வந்துரணும் மிஸ்.” வகுப்பில் சேரும்போது அவளாகச் சொன்னது இவ்வளவுதான்.

“இன்டர்வியூவா? எங்கே?” என்று ஷெமி கேட்டாள்.

“தம்பானூர்ல ஒரு பெரிய ஹோட்டலுக்கு வரச் சொல்லிருக்காவ.”

நல்ல விஷயம்தானே என்று ஷெமியும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இன்று இருபத்தேழாம் தேதி. கடைசிப் பயிற்சி.

“சரி, நான்தான் கேள்வி கேக்கிற ஆள். வாட் இஸ் யுவர் நேம்?”

“மை நேம் இஸ் பிரேமா.”

“வேர் டூ யூ லிவ்?”

“ஐ லிவ் இன் திருவனந்தபுரம்.”

“ஆ, நல்லா இருக்கு. அடுத்து...”

“மிஸ், ஏன் விட்டுட்டுப் போனேன்னு கேட்டா?” பிரேமா குறுக்கே கேட்டாள்.

“கண்டிப்பா கேப்பாங்க. முன்னாடி பாத்த வேலையைப் பத்திக் கேக்காத ஆளே இல்ல. வொய் டிட் யூ லீவ்?”

பிரேமாவின் கை தானாக வாயை மூடிக்கொண்டது.

“கையை எடுங்க சேச்சி. வாயை மூடிக்கிட்டுப் பேசினா யாரும் நம்ப மாட்டாங்க.”

கையை எடுத்தாள். “ஐ ஹேட் நோ அதர் வே.”

“அய்யோ, எனக்கு வேற வழி இல்லன்னா சொல்றது? அழற மாதிரி இருக்கும். நல்ல வாய்ப்பு தேடிப் போனேன்னு சொல்லணும். ஐ வாஸ் லுக்கிங் ஃபார் எ பெட்டர் ஆப்பர்ச்சுனிட்டி.”

“அது பொய்யில்லையா மிஸ்?”

“எல்லாரும் சொல்றதுதான்.”

“நான் சொல்ல மாட்டேன்.” அதைச் சொல்லும்போது மட்டும் அவள் ஷெமியின் கண்ணை நேராகப் பார்த்தாள். பிறகு குரல் இறங்கியது. “நாளைக்கு நீங்களும் கூட வாறீங்களா மிஸ்? தூரத்துல இருந்தாப் போதும்.”

மறுநாள் காலை பத்து மணி. ஹோட்டலின் வரவேற்பறையை ஒட்டிக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் காபி ஷாப் இருந்தது. கஞ்சி போட்ட நீலப் புடவையில் வந்திருந்த பிரேமா, கதவருகே ஷெமியின் கையைப் பிடித்தாள்.

“என்னைப் பிடிக்கலன்னா?”

“இங்க இல்லன்னா வேற இடம் சேச்சி. தைரியமாப் போங்க.”

பிரேமா கையை விட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஷெமி வெளியே சோபாவில் உட்கார்ந்து பார்த்தாள். உள்ளே, முடியைக் கழுத்தளவு வெட்டிய ஓர் இளம்பெண் கையில் ஃபைலோடு எழுந்து நின்றாள். இந்தக் காலத்தில் மேனேஜர்கள் எல்லாம் இவ்வளவு சின்ன வயதா என்று ஷெமிக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தப் பெண் கை நீட்டினாள். பிரேமா குலுக்கவில்லை, நீட்டிய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நாற்காலி நுனியில் தோளைக் குறுக்கி உட்கார்ந்தாள். கை வாய்க்குப் போயிற்று. சொல்லிக் கொடுத்த ஒன்றும் மிச்சமில்லை.

அந்தப் பெண் ஃபைலைத் திறந்து ஒரு தாளைக் காட்டினாள். ஏதோ கேட்டாள். குரல் வெளியே கேட்கவில்லை. ஆனால் பிரேமாவின் உதடுகள் அசைந்த விதத்திலேயே ஷெமிக்குப் புரிந்துவிட்டது. ஐ ஹேட் நோ அதர் வே. அதையே சொல்லிவிட்டாள். சொல்லி முடித்ததும் தலை கவிழ்ந்தது. தோள்கள் குலுங்கின.

போச்சு. இன்டர்வியூவில் அழுதால் யார் எடுப்பார்கள்? ஷெமி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

திறந்தபோது அந்தப் பெண் தன் நாற்காலியில் இல்லை. பிரேமாவின் காலடியில் மண்டியிட்டு, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிரேமா சிரித்தாள். வாயை மூடாமல், கண்ணை எடுக்காமல் சிரித்தாள். மூன்று மாதத்தில் ஷெமி அந்தச் சிரிப்பைப் பார்த்ததே இல்லை.

கொஞ்ச நேரத்தில் இருவருமாக வெளியே வந்தார்கள். ஷெமி எழுந்து ஓடினாள். “செலக்ட் ஆயிட்டீங்களா சேச்சி?”

பிரேமாவின் முகமெல்லாம் ஈரம். பெரிதாக ஒரு மூச்சு விட்டாள்.

“வேலைக்கு இல்ல மிஸ். இவ என் மக. எட்டு மாசக் கைப்பிள்ளையா நான் ஒரு அனாதை இல்லத்துல விட்டுட்டுப் போன பிள்ள, ஹாலந்துக்குத் தத்துப் போயி வளந்து, இருபத்து மூணு வருசம் கழிச்சு என்னத் தேடி வந்திருக்கா. நான் வச்ச ஆஷாங்கற பேர தத்தெடுத்தவங்க மாத்தவே இல்ல மிஸ்!”