காரத்தில் ஓர் இழை

கீழ்த்தளத்தில் நூலை இழுக்கும் உருளைகள் முனகுவதாகப் புகார் சொல்ல மாடிக்கு வந்த வெர்னா, காஸ்டோனியா நூல் ஆலையின் சோதனை அறையில் நுண்ணோக்கியின் மேல் குனிந்திருக்கிறாள். ஜன்னல் வெயிலில் ஒற்றைப் பருத்தி இழை, முறுக்கிய நாடா போலக் கிடக்கிறது. சோதனைக்கார ஹாஸ்கல் ஒரு சொட்டுக் காஸ்டிக் சோடா விடுகிறான். இழை புரள்கிறது. முறுக்குகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து, இழை உப்பி உருண்டு, நீளத்தில் சுருங்குகிறது. “மூச்ச விடு வெர்னா, செத்துடாத.” “கீழ நம்ம காஸ்டிக் தொட்டியில நூலும் இப்படித்தான் சுருங்கப் பாக்குதா?” “ஆமா. உருளை விடாம இழுத்துப் புடிக்குது, அதான் நூலுக்குப் பளபளப்பு.” தண்ணீரால் கழுவுகிறான். அவள் காத்திருக்கிறாள். முறுக்கு திரும்பவேயில்லை. “உள்ள அடுக்கே மாறிடுச்சு. இனி அது பழைய பஞ்சு இல்ல.” கீழ்த்தளத்து முனகல் தரை வழியே அவள் பாதத்தில் ஏறுகிறது. “சரி, உருளைக்கு எண்ணெய் போட ஆள் அனுப்பவா?” “வேணாம்,” என்கிறாள், கண்ணை எடுக்காமல். “முனகுறது உருளை இல்ல, நூலு.”