விபியா வாங்கிய கால்

"இது வலது காலுங்க. எனக்கு இடது கால் வேணும்," என்றாள் விபியா. கடைக்காரி முணுமுணுத்துக்கொண்டே காணிக்கைக்கான சுட்ட மண் கால்களின் குவியலைக் கிளறி இன்னொன்றை எடுத்துக் கொடுத்தாள். விபியா அதை விரலால் தட்டிப் பார்த்தாள். கீறல் இல்லை என்று தெரிந்ததும் துணியால் துடைத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

கழுதை வண்டியில் கிடந்த அவள் புருஷன் திரெபியஸுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கடை முழுக்கக் கை, காது, குடல், கருப்பை. எல்லாம் மண்தான், ஆனாலும் கசாப்புக் கடைக்கு நடுவில் படுத்திருப்பது போல இருந்தது. போதாததற்கு மலைத் தெய்வமான மெஃபிட்டிஸ் தாயின் கந்தகக் குளத்திலிருந்து அழுகின முட்டை நாற்றம் வேறு.

அந்த நாற்றத்தையும் மீறிக்கொண்டு அவனுடைய இடது கால் நாறியது. வசந்தத்தில் ஆணி குத்திய சின்னக் காயம், இப்போது முழங்கால் வரை கறுத்துச் சீழ் கோத்துவிட்டது. நாளைக் காலையில் கிரேக்க வைத்தியன் ரம்பத்தோடு வருவான். அதற்குள் தாய் கண் திறந்தால்தான் கால் மிஞ்சும்.

காப்புவா நகரத்துக்காரன் அவன். மலைக்காட்டுச் சாமிகளை நக்கலடித்தே பழகியவன். பெண்டாட்டி தன் பிறந்த ஊர்க் கோயிலுக்குக் கிளம்புவதைப் பார்த்ததும், வேறு வழியில்லாமல் தானும் வருவதாக ஒட்டிக்கொண்டான்.

"கட்டினவனுக்காக இப்படி அலையுறியேம்மா, நீ நல்லா இருப்ப," என்றாள் கடைக்காரி.

"சோறு போடுறவன் நானு. இதுகூடச் செய்யலேன்னா எப்படி?" என்றான் திரெபியஸ்.

விபியா வண்டிப் பக்கம் திரும்பினாள். அவன் காலுக்கு அடியில் கிடந்த வைக்கோலை உருவி எடுத்து மண் காலைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"ஏய், அது வெறும் மண்ணுடி. வலிக்கிறது எனக்கு."

"உடைஞ்சுபோனா தாய் வாங்கிக்க மாட்டாங்க."

பழக்கதோஷத்தில் அவளுடைய இடுப்பைப் பார்த்து இடது காலை ஓங்கப் பார்த்தான். கால் எழவில்லை. உயிர் போகிற வலிதான் வந்தது. ஈக்கள் மட்டும் ஒரு சுற்று எழுந்து பறந்து, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தன.

கோயில் வாசலில் அவர்களுக்கு முன்னால் ஒருவன் மண் தலை ஒன்றைச் சுமந்துகொண்டு நின்றான். அவன் கழுத்திலிருந்து வெறும் தோல் சுருங்கித் தொங்கியது. பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அவனோ ஊருக்கே அதைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"தொட்டுப் பாருங்கண்ணே, சும்மா தொடுங்க. சுரைக்காய் மாதிரி தொங்கின கழலை. போன கதிரறுப்புக்கு வந்து வேண்டிக்கிட்டேன், வத்திப்போச்சு."

திரெபியஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டான். "அப்ப வேண்டிக்கும்போது காணிக்கையா என்ன மண் உருவாரம் வெச்சே?"

"அப்ப எதுக்குண்ணே? வாயால சொல்லிட்டுப் போனேன், அவ்வளவுதான். இந்தத் தாய்கிட்ட முன்பணம் செல்லாது. காரியம் முடிஞ்சாத்தான் கை நீட்டுவா."

திரெபியஸுக்குப் பகீரென்றது. ஆத்திரம் பெண்டாட்டி பக்கம் திரும்பியது.

"கேட்டியாடி? உங்க ஊரு சாமி, உனக்கே வழக்கம் தெரியல. கால் குணமாகாம காலை வாங்கிட்டு வந்து நிக்கிற. மண்டையில என்னதான் இருக்கு உனக்கு? கோவம் வந்து தாய் கையை விரிச்சுட்டா என் கதி என்ன?"

விபியா மண் காலை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த மந்தமான முகத்தைப் பார்க்கவே அவனுக்கு வெறுப்பாக இருந்தது.

வண்டி கோயில் முற்றத்துக்குள் போய் நின்றது. அங்கே தாயின் சிலைக்குப் பக்கத்தில் பூசாரியம்மா ஈரத் துணியால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கந்தகப் புகையில் அவளுடைய நகமும் பல்லும் மஞ்சள் பூத்திருந்தன. காப்புவாவில் இப்படி ஒருத்தி எதிரே வந்தால் திரெபியஸ் எச்சில் துப்பிவிட்டு ஒதுங்கிப் போயிருப்பான். இங்கே வண்டியில் கிடந்தபடியே கை ஏந்தினான்.

"பூசாரியம்மா, இவ விவரம் தெரியாதவ. காரியம் ஆகறதுக்கு முன்னாடியே வாங்கிட்டு வந்துட்டா. மனசுல வெச்சுக்காதீங்க. எனக்குக் கால் மட்டும் நிலைச்சாப் போதும், வெள்ளியிலேயே செஞ்சு வைக்கிறேன்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சளியும் கண்ணீருமாகத் தாடியில் வழிந்தது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. தன்னை நினைத்தே அவனுக்கு அசிங்கமாக இருந்தது.

பூசாரியம்மா அவனுடைய காலைப் பார்த்தாள். பிறகு விபியாவை வெகுநேரம் பார்த்தாள்.

"நீ குளிர்காலத்துல வந்தவதானே? நிமிரக்கூட முடியாம, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு?"

"ஆமாம்மா."

"வெறுங்கையோட வேண்டிட்டுப் போனே."

"ஆமாம்மா. அந்தக் கடனைத்தான் தீர்க்க வந்திருக்கேன்."

"அப்ப நீ கேட்டது நடந்துடுச்சா?"

விபியா வைக்கோலைப் பிரித்தாள். மண் காலைத் தாயின் முன்னால் பதனமாக வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"நடந்துடுச்சும்மா. இனிமே அந்தக் கால் என்னை உதைக்காது."