புது பிக்கப்

அவர் பேஸ் கிட்டாரை உறையிலிருந்து எடுத்து ரிப்பேர் கடை மேசைமேல் படுக்க வைத்தார். கம்பிகளுக்குக் கீழே பொருத்தி ஒலியைப் பிடிக்க வேண்டிய புது பிக்கப் இரண்டையும் பக்கத்தில் வைத்தார். கடைக்காரி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, கிட்டாரின் பின்மூடியைக் கழற்றினாள்.

“இதுக்கு முன்னாடி யார் கை வச்சது?”

“மார்க்கெட் பக்கம் ஒரு கடை. அங்க போயிட்டு வந்ததுலேருந்து ஒரே இரைச்சல்.”

“இரையாம என்ன செய்யும்? எர்த் ஒயர் அந்தரத்துல தொங்குது. முதல்லயே இங்க வந்திருக்கலாம்ல?”

அவர் தொண்டையைச் செருமினார். “இதுதான் என் பிழைப்பு. அதான் யோசனையா இருந்துச்சு.”

“இந்தக் கடையப் பத்தி யார்கிட்டயாவது விசாரிச்சீங்களா?”

“விசாரிச்சேன். எல்லாரும் நல்லாத்தான் சொன்னாங்க.”

“அப்பவும் நம்பிக்கை வரல.”

“இப்ப வந்துட்டேனே.”

அவள் ஒயரைப் பற்றவைக்க சால்டரிங் அயர்னைச் சூடேற வைத்தாள். “சாயங்காலம் ஆகும். நீங்க கிளம்புங்க.”

“பரவாயில்ல. இங்கயே உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன்.”

அவள் நிமிர்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“நம்ம ரெண்டு பிள்ளைங்களையும் என்கிட்ட விட்டுட்டு ஊர் ஊரா கச்சேரிக்குப் போறீங்க. அப்பல்லாம் வராத யோசனை, ஒரு கிட்டார விட்டுட்டுப் போறதுக்கு வருதா?”

அவர் வெற்று உறையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வாசல்வரை போனார். அங்கே நின்று திரும்பினார்.

“சரி, நான் வீட்டுக்குப் போறேன். பிள்ளைங்க ஸ்கூல்லேருந்து எத்தனை மணிக்கு வருவாங்க?”