மரியாதை தெரிஞ்சவங்க

“‘இன்னாமா நீ’ன்னு முன்பின் தெரியாத ஒரு பொண்ணுக்கு எழுதறதுதான் மரியாதையா, லோகநாதன்?”

திரையில் பாமா மேடத்தின் முகம் இறுகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு மென்பொருள் திட்டத்தின் நடத்தைக் குழுக் கூட்டம். குழு என்றால் பெரிய படை ஒன்றுமில்லை. சென்னையிலிருந்து பாமா மேடம், உத்திரமேரூரில் தன் வீட்டு மாடி அறையிலிருந்து ஸ்ரீராம்குமார், அவ்வளவுதான். விசாரிக்கப்பட்ட லோகநாதன் சாலவாக்கம் ஏரிக்கரையில் பைக்கை நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்திருந்தான். அவன் வீட்டில் சிக்னல் எடுக்காது.

பேசுவதைக் கேட்டுத் தமிழில் எழுதித் தரும் மென்பொருள் அது. பல ஊர்க்காரர்கள் சேர்ந்து இலவசமாகச் செய்வது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஒரே நிபந்தனை, ஒருவருக்கொருவர் மரியாதையாகப் பேச வேண்டும். அந்த நடத்தை விதிகளை எழுதியதே ஸ்ரீராம்குமார்தான்.

லோகநாதனுக்கு அந்த மென்பொருள்தான் உயிர். நாலு வருஷமாக நெற்களம், பஸ் ஸ்டாண்டு, ரேஷன் கடை என்று அலைந்து ஊர்ஜனங்கள் பேசுவதைப் பதிவு செய்து சேர்த்துக்கொண்டிருந்தான். தன் ஊர்ப் பேச்சும் அதற்குப் புரிய வேண்டுமாம். பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தான்.

அதற்குள் இந்த வம்பு. கோயம்புத்தூரிலிருந்து திவ்யா என்ற பெண் முதன்முதலாக நாலு வரி நிரல் எழுதி அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு லோகநாதன் போட்ட பதில் இதுதான்:

“இன்னாமா நீ, இத்த போயி இங்க சொருகி வெச்சிகீற? எட்த்து மேல போடு. சும்மா அள்ளிக்கினு போவும்!”

திவ்யா அழாத குறையாகப் புகார் அனுப்பிவிட்டாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. தவழும் குழந்தையைக்கூட ‘வாங்க கண்ணு’ என்று கூப்பிடுகிற ஊர் அவளுடையது.

“மேடம், சத்தியமா திட்டல” என்றான் லோகநாதன். “தங்கச்சியாண்ட சொல்ற மாதிரிதான் சொன்னேன். எங்க பக்கம் ஆசையா பேசினாலே இப்டிதான் வரும்.”

பாமா மேடம் நல்ல மனுஷி. கொஞ்சம் யோசித்தார்.

“ஸ்ரீராம், நீங்களும் அந்தப் பக்கம்தானே? இது அன்பாப் பேசறதா, இல்ல மரியாதை இல்லாமப் பேசறதா? அன்புதான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, திவ்யாகிட்ட நானே எடுத்துச் சொல்லி முடிச்சுடறேன். இல்லைன்னா விதிப்படி இவரை விலக்கித்தான் ஆகணும்.”

ஒரு வார்த்தை. அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கூட்டத்துக்கு முன்னால் லோகநாதன் தன் பள்ளிக்கூடத் தோழன் ஸ்ரீராமுக்குச் செய்தி அனுப்பியிருந்தான்: “நீ கீற இல்ல, எனுக்கு இன்னா பயம்டா?”

பயமெல்லாம் ஸ்ரீராமுக்குத்தான். சென்னையில் காலேஜில் சேர்ந்த முதல் நாள், “கேன்டீன் எங்க கீது?” என்று கேட்டுத் தொலைத்தான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நாலு வருஷமும் அவனுக்கு ‘கீது’ என்றே பெயர். அன்றைக்கு நாக்கைக் கழுவிக்கொண்டவன், வெளியாட்களிடம் மறந்தும் வாய் தவறியதில்லை.

இப்போது பார்த்துக் கீழேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

“நைனா! நாஷ்டா ஆறிப் போவுது, இன்னா பண்ணிக்கினு கீற மேல?”

நல்லவேளை, மைக் அணைந்திருந்தது. ஸ்ரீராம் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். மைக்கைப் போட்டான்.

“மரியாதை தெரிஞ்சவங்க யாரும் இப்படிப் பேச மாட்டாங்க மேடம்.”

சொன்ன பிறகுதான், யாரைச் சொன்னோம் என்பது அவனுக்கே சுருக்கென்று தைத்தது. திரையின் மூலையில் லோகநாதன் அசையாமல் இருந்தான். சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தால், அவனுக்குப் பின்னால் ஏரித் தண்ணீர் அசைந்துகொண்டுதான் இருந்தது.

ஸ்ரீராமுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. லோகநாதனின் போன் நிறைய இவன் அதே ஊர்ப் பேச்சில் பேசி அனுப்பிய குரல் பதிவுகள். ஒன்றே ஒன்றைத் தட்டிவிட்டால் போதும், மானம் கப்பலேறிவிடும்.

“நீங்க ஏதாவது சொல்லணுமா, லோகநாதன்?”

லோகநாதன் போனை ஒருமுறை குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான்.

“அவர் சொல்றது சரிதான் மேடம். மரியாதை தெரிஞ்சவங்க அப்படிப் பேச மாட்டாங்க. எனக்குத்தான் தெரியல. அந்தப் பொண்ணுகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிடுங்க.”

பிசிறில்லாத தமிழ். சிறிய சதுரம் அணைந்தது.

பாமா மேடம் வருத்தத்தோடுதான் முடிவைப் படித்தார். ஓராண்டு விலக்கம். ஸ்ரீராம் தலையாட்டினான். வேறென்ன செய்ய முடியும், அவன் எழுதிய விதிதானே.

கூட்டம் முடிந்தும் அவனால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. போனை எடுத்தான், அழைக்கத் துணிச்சல் வரவில்லை. செய்தியாக அடித்தான்.

“டேய் லோகு, தப்பு பண்ட்டேன்டா. மன்னிச்சிக்க. சாய்ங்காலம் வூட்டாண்ட வரேன். ரெண்டு அடி அடிச்சிடு.”

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பதினைந்து வருஷமாக ‘டா’ போடாமல் அவனிடம் ஒரு வாக்கியம் முடித்தறியாத லோகநாதன், உடனே பதில் அனுப்பினான்.

“பரவாயில்லைங்க சார். நீங்க சிரமப்பட வேண்டாம்.”