ஆள் இல்லாத படம்

குணசீலன் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டிச் செய்துவந்த பழைய ராணுவ புல்டோசரின் சிறிய மாதிரி, ஓட்டுநர் இருக்கை செய்ய முடியாமல் பாதியில் நின்றுபோனது. மலைப்பாதை போடப் போய் மண்சரிவில் செத்துப்போன அவன் அண்ணன் ஓட்டிய வண்டி. பார்த்துச் செய்ய இருக்கைதான் எந்தப் படத்திலும் தெரியவில்லை. அண்ணனே அதில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, அண்ணன் இல்லாத படம் ஏதாச்சும் இருக்கா? சீட்டு நல்லாத் தெரியணும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அகிலா பீரோவிலிருந்து ஒரு படத்தைக் கவிழ்த்தபடியே எடுத்து வந்தாள்.

"மண்ணைத் தோண்டி வண்டியை வெளிய எடுத்தப்போ புடிச்சதாம். அவரோட இருந்தவர் குடுத்தாரு. நான் இன்னும் பாக்கல. நீங்க பாத்துக்குங்க தம்பி."

படம் மேசையில் கவிழ்ந்தே கிடந்தது. அவனுக்கும் திருப்பக் கை வரவில்லை. குத்துமதிப்பாகக் களிமண்ணில் ஒரு மெத்தையைப் பிடித்து வண்டியில் வைத்தான்.

அகிலா குனிந்து பார்த்தாள்.

"இவ்ளோ சமமா இருக்காது தம்பி. அவரு எங்க நேரா உக்காந்தாரு?"

ஈரம் காயாத மெத்தையின் இடது ஓரத்தைச் சுண்டுவிரலால் மெல்ல அழுத்தினாள். விரலை எடுக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

குணசீலன் படத்தைத் திருப்பாமலே அவளிடம் கொடுத்துவிட்டான்.